அடி உன்னுது, கணக்கு என்னுது

1993 ஆகஸ்டில் வெளிவந்த ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்தில் பெனாலிஷ் ஹீரோ என்று ஒருவர் இருந்தார். பெயரில்தான் ஹீரோ. ஒரே ஒரு வெள்ளை மானா (ஆட்டத்துக்குள் செல்லும் காசு) கொடுத்தால் களத்துக்கு வந்துவிடுவார். பலம் 1, தாங்குசக்தி 1. அதே கட்டில் இருந்த சாதாரணக் கரடி கை ஓங்கினாலே ஆள் காலி. ஆனால் அவருடைய அட்டையில், திறனை எழுத வேண்டிய பெட்டியில், ஒரே ஒரு சொல் அச்சாகியிருந்தது: ‘பேண்ட்ஸ்’. அதாவது, கூட்டு சேர்வார். இந்தத் திறனுக்குப் பெயர் பேண்டிங்.

அவ்வளவுதான். யாரோடு சேர்வார், எத்தனை பேரோடு சேர்வார், சேர்ந்தபின் அடி விழுந்தால் யார் சாவது? அட்டை வாயே திறக்காது. மிச்சமிருந்த இடத்தில் பெனாலியா நாட்டின் சாதி அமைப்பைப் பற்றி ஒரு வியாக்கியானம். பிறப்பாலும் வராத, பணத்தாலும் வராத ஒரே சாதி ஹீரோ சாதிதானாம். சாதிக்கு ஒரு பத்தி, சட்டத்துக்கு ஒரு சொல். அடுத்த ஆறு வருடத்துக்கு நடந்த அத்தனை சண்டைக்கும் இந்த விகிதாசாரமே காரணம்.

ஆட்டத்தை உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட். கணிதத்தில் முனைவர், அதிலும் சேர்வியல் என்கிற காம்பினடோரிக்ஸ். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துச் சரக்கு. 1991இல் ‘ரோபோ ராலி’ என்ற பலகை ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு பீட்டர் அட்கிஸனிடம் போனார். அட்கிஸன் அப்போது போயிங் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் என்ற சின்ன நிறுவனத்தையும் நடத்திக்கொண்டிருந்தார். பலகை, பொம்மை எல்லாம் செய்ய நம்மிடம் காசில்லை; திருவிழாக்களில் ஒரு ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் நடுவே ஜனங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, அந்த நேரத்தில் சட்டென்று ஆடி முடிக்கிற மாதிரி, பையில் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒன்று செய்து கொடு என்றார். சட்டென்று ஆடி முடிக்கிற அந்த ஆட்டத்துக்குள்தான் நம் கணித முனைவர் பேண்டிங்கை ஒளித்துவைத்தார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கணிதக்காரர்களுக்கு ‘இது வெளிப்படை’ என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிற வழக்கம் உண்டு. தவிர, அவரோடு உட்கார்ந்து ஆடிப் பார்த்த பென்சில்வேனியா நண்பர்களுக்கு எல்லாம் புரிந்தேயிருந்தது. புரியாமல் எப்படி? சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்து நாற்காலியில் கார்ஃபீல்டே இருந்தார். முதல் அச்சான ஆல்ஃபாவில் போன 26 லட்சம் அட்டைகளோடு அவரையும் மடித்து வைத்து அனுப்ப வழியில்லாமல் போனதுதான் பிரச்சினை.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. என் ஆட்களை அனுப்பி உன்னை அடிப்பேன். நீ உன் ஆட்களைக் குறுக்கே விட்டுத் தடுப்பாய். அதற்குப் பெயர் பிளாக். என் ஒரே ஆளை உன் இரண்டு பேர் தடுத்தால், என் ஆள் கொடுக்கிற அடியில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பவன் நான். என் ஆள், என் அடி, என் கணக்கு. இதுதான் அரசியல் சாசனம். இதில் கை வைத்ததுதான் பேண்டிங்.

ஒரு சண்டையைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். என்னிடம் பெனாலிஷ் ஹீரோவும் செர்ரா ஏஞ்சலும் இருக்கிறார்கள். ஏஞ்சல் 4/4 (பலம் 4, தாங்குசக்தி 4), பறப்பவள், ஐந்து மானா விலை. உங்களிடம் ஒரு க்ரா வர்ம்: ஆறு மானா கொடுத்து இறக்கிய 6/4 ராட்சதப் புழு. நான் இருவரையும் கூட்டணியாக அனுப்புகிறேன். கூட்டணியில் பேண்டிங் உள்ளவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம்; இல்லாதவர் அதிகபட்சம் ஒருவர். ஹீரோவுக்கு உண்டு, ஏஞ்சலுக்கு இல்லை. கணக்குச் சரி.

உங்கள் புழு தரையில் ஊர்வது. பறப்பவளைத் தடுக்க அதற்கு அதிகாரமில்லை. ஆனால் நடந்து வருகிற ஹீரோவைத் தடுக்கலாம். தடுக்கிறீர்கள். உடனே, கூட்டணி தர்மப்படி, மேலே பறந்துகொண்டிருக்கும் ஏஞ்சலும் தடுக்கப்பட்டவள் ஆகிறாள். இறக்கை அப்படியே இருக்கிறது, பறக்கும் திறனும் போகவில்லை. ஆனாலும் தோழர் மாட்டிக்கொண்டதால் அவளும் மாட்டிக்கொண்டாள். எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வரும். பாவம், அது அரை நிமிடம்தான்.

புழு இப்போது ஆறு அடி கொடுக்க வேண்டும். ஏஞ்சலுக்கு நான்கு போட்டாலே போதும், ஆள் அவுட். அந்தக் கணக்கில்தான் நீங்கள் பிளாக் செய்தீர்கள். இந்த இடத்தில் நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்கிறேன்: ‘புழு தடுப்பது பேண்டிங் உள்ள ஆளை. அதனால் புழுவின் அடியைப் பங்கு பிரிப்பது நான்.’ ஆறையும் ஹீரோ தலையில் போடுகிறேன். ஏஞ்சல் மேல் தூசி கூட விழவில்லை. அவள் திருப்பிக் கொடுக்கிற நான்கில் புழு செத்தது. ஒரு மானா ஆள் போனார், ஆறு மானா ராட்சதன் போனான். உங்கள் புழு, உங்கள் பலம், உங்கள் ஆறு மானா. கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஒரே ஒரு சுயேச்சையைச் சேர்த்துக்கொண்டு, தோல்விக்குப் பொறுப்பு முழுவதையும் இருப்பதிலேயே சின்னக் கட்சியின் தலையில் கட்டும் இந்த ஏற்பாடு நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித்தராமலே புரியும். அமெரிக்காவில் இரண்டே கட்சி. பாவம், அவர்களுக்கு அனுபவம் போதவில்லை.

இது தாக்கும்போது. தடுக்கும்போது வேறு சட்டம். தடுப்பதற்கு யாரும் கூட்டணி அமைக்க வேண்டியதில்லை, அமைக்கவும் முடியாது. தடுக்கிற கும்பலில் பேண்டிங் உள்ளவர் ஒருவர் இருந்தால் போதும், தாக்குகிறவனின் அடியைத் தடுக்கிறவன் பங்கு பிரிப்பான். ஒரு பெயர், இரண்டு சட்டம். ஆகவே ஆடியவர்களில் பாதிப்பேர் ஒரு பாதியைத் தெரிந்துவைத்திருந்தார்கள், மறுபாதிப்பேர் மற்ற பாதியை. இரண்டு பாதியும் எதிரெதிரே உட்கார்ந்தால் அன்றைக்கு ஆட்டம் நடக்காது, வழக்குதான் நடக்கும்.

இந்தத் தடுப்புச் சட்டத்தின் அராஜகத்தைப் பார்க்க ஃபோர்ஸ் ஆஃப் நேச்சரை வரவழைக்க வேண்டும். 8/8 வனதெய்வம். வைத்திருப்பதே தண்டனை: ஒவ்வொரு முறையும் நாலு பச்சை மானா படைக்காவிட்டால் சொந்தக்காரனையே எட்டு அடி அடிக்கும். அதற்கு டிராம்பிள் உண்டு. தடுப்பவனை மிதித்துப் போட்டுவிட்டு மிச்ச அடியை எதிராளி மீதே இறக்கும். அப்படிப்பட்ட தெய்வத்தின் குறுக்கே நம் 1/1 ஹீரோ போய் நிற்கிறார். ஒரு அடி ஹீரோவுக்கு, ஏழு அடி எனக்கு என்று நீங்கள் எண்ணத் தொடங்குகிறீர்கள். எண்ணுகிற உரிமை உங்களுக்கு இல்லை ஐயா. எட்டையும் ஹீரோவுக்கே ஒதுக்குகிறேன். ஒரே சின்னப் பயலை எட்டு முறை கொன்றுவிட்டு வனதெய்வம் வீடு திரும்புகிறது. என் உயிர்ப்புள்ளியில் ஒன்றுகூடக் குறையவில்லை.

இன்னொரு அழகு, யாரும் சாகாமல் இருப்பது. ஐகேஷியன் ஃபாலங்க்ஸ் என்று ஒரு ஈட்டிப்படை, 2/4. அப்படி இரண்டு படை அதே ஆறு பலப் புழுவைத் தடுத்தால், ஆறை மூன்று மூன்றாகப் பிரித்துவிடலாம். நாலு தாங்குகிறவனுக்கு மூன்று அடி. வலிக்கும், சாக மாட்டான். இருவரும் சேர்ந்து நாலு அடி கொடுக்கப் புழு போய்ச் சேரும். காம்பினடோரிக்ஸ் படித்தவர் ஏன் இதைச் செய்தார் என்பது இங்கேதான் விளங்குகிறது. ஆறை இரண்டு பேருக்குப் பிரிக்க எத்தனை வழி என்று கேட்டுவிட்டு, அந்தக் கேள்விக்கு ஈட்டியும் கேடயமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார் மனிதர்.

ஆக, பேண்டிங் மோசமான திறன் அல்ல. அநியாயத்துக்கு நல்ல திறன். புரிந்தவன் கையில் கிடைத்தால் எதிராளி சண்டைக்கே வர மாட்டான். ஆனால் புரிந்தவன் அதை விளக்க ஆரம்பித்தாலும் எதிராளி எழுந்து போய்விடுவான். எப்படியானாலும் ஆட்டம் நின்றது.

முதல் கட்டில் இந்தத் திறன் யார் யாருக்குப் போனது என்பதும் ஒரு கூத்து. ஹீரோவும் மேசா பெகசஸ் என்ற பறக்கும் குதிரையும் காமன், அதாவது மலிவுச் சரக்கு. டிம்பர் வுல்வ்ஸ் என்ற 1/1 ஓநாய்க்கூட்டம் மட்டும் ரேர். ஆல்ஃபாவில் ஒவ்வொரு ரேர் அட்டையும் ஏறக்குறைய 1,100 பிரதிகள்தான் அச்சானது. பின்னாளில் வீடு வாங்குகிற விலைக்குப் போன பிளாக் லோட்டஸும் ரேர், இந்த ஓநாயும் ரேர். பேக்கைப் பிரித்தால் இரண்டுக்கும் ஒரே வாய்ப்பு. இன்று கோடீஸ்வரனாக இருந்திருக்க வேண்டிய எவனோ ஒருவன் அன்று ஓநாயைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்னதான் செய்யும் என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பான்.

அதே வருடம் டிசம்பரில் ‘அரேபியன் நைட்ஸ்’ தொகுப்பு வந்தது. அதில் ஒட்டகத்துக்கு பேண்டிங். பலம் 0, தாங்குசக்தி 1. யாரையும் அடிக்காது, அடித்தாலும் வலிக்காது. ஆனால் அது தாக்குதலில் இருக்கும்வரை, பாலைவன அட்டை கொடுக்கிற சூட்டடி அதற்கும் படாது, அதோடு கூட்டு சேர்ந்தவருக்கும் படாது. அதே தொகுப்பில் ஜூஸாம் ஜின் என்ற 5/5 கறுப்புப் பூதம் உண்டு. இன்று அதன் விலை ஆயிரக்கணக்கான டாலர். பூதம் ஒட்டகத்தின் கூடவே நடந்தால் வெயில் தாக்காது, தடுக்கிறவன் கொடுக்கிற அடி முழுவதையும் ஒட்டகம் வாங்கிக்கொள்ளும். இந்தத் திறனுக்குப் பொருத்தமாக அமைந்த ஒரே உருவம் ஒட்டகம்தான் என்பேன். சுமப்பதற்கென்றே பிறந்தது.

இதோடு விட்டிருந்தால் மரியாதையாகப் போயிருக்கும். 1994 ஜூனில் ‘லெஜண்ட்ஸ்’ வந்தது. தங்கள் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் கதாபாத்திரங்களையெல்லாம் அட்டையாக்கிய நண்பர்களின் தொகுப்பு, 310 அட்டைகள். ஒரு பேண்டிங்குக்கே ஊர் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்போது, இவர்கள் அதற்கு ஒரு உட்பிரிவு கண்டுபிடித்தார்கள்: ‘பேண்ட்ஸ் வித் அதர்’. எல்லாரோடும் சேர மாட்டார், இன்னாரோடு மட்டும் சேர்வார். லெஜண்டுகள் லெஜண்டுகளோடு, வேட்டை ஓநாய்கள் அதே பெயருள்ள வேட்டை ஓநாய்களோடு. நிறத்துக்கு ஒன்றாக ஐந்து நில அட்டைகளும் வந்தன. நிலம் என்றால் மானா தர வேண்டும்; இந்த ஐந்தும் ஒரு சொட்டுக்கூடத் தராது. உங்கள் லெஜண்டுகள் மற்ற லெஜண்டுகளோடு கூட்டணி வைக்கலாம் என்று அனுமதி மட்டும் தரும். அன்றைய விதிப்படி, சேர்கிற இருவருக்குமே அந்த அனுமதி இருந்தால்தான் செல்லும். ஆக, சாதாரண பேண்டிங் ஒருவனை வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ளும். இந்தப் புதிய ரகம் அதையும் செய்யாது. பழையதைவிடக் குழப்பமாகவும் பழையதைவிடப் பலவீனமாகவும் ஒன்றைச் செய்வது சுலபமில்லை. செய்துகாட்டினார்கள்.

உச்சம் அதுவல்ல. ஷெல்கின் பிரௌனி என்று ஒரு குட்டிச்சாத்தான் அதே தொகுப்பில் உண்டு. அதன் வாழ்நாள் லட்சியம், ஒரு ஆளின் ‘பேண்ட்ஸ் வித் அதர்’ திறனை அன்றைய ஆட்டநேரத்துக்குப் பறிப்பது. வேறு வேலை கிடையாது. யாரிடமும் இல்லாத ஒன்றைப் பறிக்க ஒரு முழுநேர ஊழியர். இவருக்கு மேலதிகாரி மாதிரி டொலேரியா என்ற நிலம். நீல மானா தரும். தவிர பேண்டிங், பேண்ட்ஸ் வித் அதர் இரண்டையும் பறிக்கும். ஆனால் ஆட்டநேரத்தின் ஆரம்பத்தில், அப்கீப் என்ற கட்டத்தில் மட்டுமே அந்த அதிகாரம் செல்லும். அதாவது, எவன் யாரோடு கூட்டு சேரப்போகிறான் என்று தெரிவதற்கு முன்பே நீங்கள் ஊகித்து நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டும்.

அதற்குப் பிறகும் பேண்டிங் ஓயவில்லை. ‘ஐஸ் ஏஜ்’, 1995: க்யெல்டோர் நாட்டின் போர்வீரன், ஈட்டிப்படை, பறக்கும் வீரன் என்று ராணுவமே அதில் இயங்கியது. காரணம் எளிது. அந்தத் தொகுப்பைச் செய்தவர்கள் கார்ஃபீல்டின் பழைய பென்சில்வேனியா நண்பர்கள். பேண்டிங் புரிகிற சிலர் பேண்டிங் அட்டைகளைத் தயாரித்து, புரியாத லட்சக்கணக்கானோருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். 1996இல் ‘மிராஜ்’ ஒரு யானைக்கும் ஒரு கிரிஃபினுக்கும் கொடுத்தது. இரண்டும் 2/2, இரண்டும் நாலு மானா. இழுத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

1997 ஜூனில் ‘வெதர்லைட்’ தொகுப்பில் கடைசியாக ஒருவர் வந்தார். பெயர் பெனாலிஷ் இன்ஃபன்ட்ரி. மூன்று மானா, 1/3. பெனாலியாவின் ஹீரோவில் தொடங்கி பெனாலியாவின் காலாட்படையில் முடிந்தது. நாலு வருடத்தில் சம்பளம் மூன்று மடங்கு, பலம் அதே ஒன்று. பதவி மட்டும் ஹீரோவிலிருந்து சிப்பாய்க்கு இறங்கிவிட்டது.

1999 ஏப்ரலில் ஆறாம் பதிப்பு. விதிப்புத்தகத்தைக் கவிழ்த்துப்போட்டுத் திருத்தி எழுதினார்கள். ‘இன்டரப்ட்’ என்ற அட்டை ரகமே ஒழிந்தது, மந்திரங்களை நடக்கும் முன் அடுக்கி நிறுத்திவைக்கும் ‘ஸ்டாக்’ வந்தது, அடிப்படைத் தொகுப்பிலிருந்து பேண்டிங் நீங்கியது. பிரிவுபசார விழா கிடையாது, சால்வை கிடையாது. அதே திருத்தத்தில், சிக்கலை நீக்கிய அதே கையால், அடி விழுவதற்கு முன் அந்த அடியையே ஸ்டாக்கில் நிறுத்திவைக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். ஆள் அடித்துவிட்டு, அடி போய்ச் சேர்வதற்குள் தற்கொலை செய்துகொள்ளலாம். அடி அப்படியும் போய்ச் சேரும். பத்து வருடம் கழித்து 2009இல் அதையும் தூக்கினார்கள். அதற்குப் பதில், தடுப்பவர்களை வரிசையில் நிறுத்தி வரிசைப்படிதான் அடிக்க வேண்டும் என்று புதுச் சட்டம் போட்டார்கள். 2024இல் ‘ஃபவுண்டேஷன்ஸ்’ வந்தபோது அந்த வரிசையும் போயிற்று. அடியை யார் எப்படிப் பங்கு பிரிப்பது என்று முப்பது வருடமாக மாற்றி மாற்றி எழுதிக்கொண்டேயிருக்கிறார்கள். ‘நான் பிரிப்பேன், உட்கார்’ என்று ஒரே வாக்கியத்தில் பதில் சொன்ன ஒரே திறனை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கை ஓய்வுபெற்றவர்களுக்கு உரியதுதான்: அவ்வப்போது கேலிக்குக் கூப்பிடுவார்கள். 2004இல் ‘அன்ஹிஞ்ச்ட்’ என்ற நகைச்சுவைத் தொகுப்பில் ஓல்ட் ஃபோகி என்ற கிழட்டு டைனோசருக்குப் பழைய காலத்துத் திறன்களையெல்லாம் மாட்டிவிட்டபோது, ‘மற்ற டைனோசர்களோடு மட்டும் கூட்டு சேரும்’ என்பதையும் சேர்த்தார்கள். ‘ஹோம்லேண்ட்ஸ்’ என்ற மட்டமான தொகுப்பிலிருந்து பாதுகாப்பும் அதற்கு உண்டு, அது நியாயம். 2006இல் ‘டைம் ஸ்பைரல்’ பழைய திறன்களைத் தேடித் தேடி அழைத்துவந்து விருந்து வைத்தது. பேண்டிங்குக்கு அழைப்பு இல்லை. தலைமை வடிவமைப்பாளர் மார்க் ரோஸ்வாட்டரிடம் ஒரு அளவுகோல் இருக்கிறது. ஒரு திறன் திரும்பிவர எவ்வளவு வாய்ப்பு என்று ஒன்று முதல் பத்துவரை அளப்பார். பத்துப் பக்கம் போகப் போக நம்பிக்கை குறையும். பேண்டிங் எந்தக் கோடியில் இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு 2022 நவம்பரில் ஒரு கௌரவம். முப்பதாம் ஆண்டு நினைவாக முதல் கால அட்டைகளை மறு அச்சிட்டு, நாலு பேக் 999 டாலர் என்று விற்றார்கள். போட்டிகளில் செல்லாத அட்டைகள், அழகு பார்க்க மட்டும். பிளாக் லோட்டஸ் கனவோடு காசைக் கட்டியவருக்கு ரேர் இடத்தில் டிம்பர் வுல்வ்ஸ் வரவும் வாய்ப்பிருந்தது. 1993இல் பல்லைக் கடித்த அதே ஏமாற்றம், இந்த முறை எண்பதாயிரம் ரூபாய் சொச்சத்துக்கு.

என் தீர்ப்பு: ஓய்வு கொடுத்தது சரி, கொடுத்த காரணமும் சரி. பக்கத்தில் ஆசிரியர் உட்கார்ந்திருந்தால்தான் ஓடும் என்றால் அந்தச் சட்டத்தை அட்டையில் அச்சிட்டு விற்கக் கூடாது. ஆனால் அது பலவீனமான திறன் என்று சொல்பவரை நம்பாதீர்கள். அவர் அதனிடம் அடி வாங்காதவர்.

அப்புறம், அச்சில்தான் ஓய்வு, களத்தில் இல்லை. பழைய ஹீரோ கமாண்டர், லெகசி, வின்டேஜ் ஆட்டங்களில் இன்றும் சட்டப்படி செல்வார். எதிரே ஒருவர் ஹீரோவையும் ஏஞ்சலையும் கூட்டணியாக அனுப்பிவிட்டு மெல்லச் சிரித்தால் பதற வேண்டாம். கையில் ஆளைச் சுட்டு வீழ்த்தும் லைட்னிங் போல்ட் அட்டை ஒன்று இருக்கட்டும். கூட்டணியை அறிவித்த உடனே அவசரப்பட்டு ஹீரோ மேல் போட்டுவிடாதீர்கள். புழுவை விட்டு முதலில் பிளாக் செய்யுங்கள். ஏஞ்சலும் சேர்ந்து மாட்டிக்கொள்வாள். அதற்குப் பிறகு, அடி விழுவதற்கு முன், ஹீரோவைச் சுட்டுவிடுங்கள். பேண்டிங் உள்ள ஆள் போனால் பங்கு பிரிக்கும் உரிமை உங்களிடமே திரும்பிவிடும். ஏஞ்சல் மட்டும் புழுவின் முன்னால் நின்றுகொண்டிருப்பாள், ஆறு அடியும் அவளுக்கே.